குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும் முன்: கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை எதை அளக்கிறது?

வளைகாப்பும் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. கர்ப்பத்தின் தொடக்கத்தில் முதன்முறை மருத்துவமனைக்கு வரும்போதே ஒரு பரிசோதனை உண்டு. அதில் சர்க்கரை இல்லை என்று தெரிந்தாலும், 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் மறுபடியும் செய்ய வேண்டும். உறவினர் வீடுகளிலிருந்து கட்டுச்சோறும் பலகாரமும் வந்து குவிவது அந்த நாட்களில்தான். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் சாயல்குடி வரை எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பரிசோதனைக்கு நாள் குறித்தவுடன் இரண்டு மூன்று நாட்களுக்குச் சோற்றையும் இனிப்பையும் அடியோடு நிறுத்திவிட்டு, அன்று காலையில் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறும் பெண்கள் உண்டு. நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்த ஆயத்தமே முடிவைக் கெடுத்துவிடக்கூடும்.

கருவுற்ற உடலில் நடப்பதை முதலில் பார்ப்போம். நஞ்சுக்கொடி, தாயிடமிருந்து குழந்தைக்கு உணவைக் கடத்துவதோடு நின்றுவிடுவதில்லை. அது பல ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவற்றில் சில, தாயின் தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குக் கட்டுப்படுவதைத் தளர்த்துகின்றன. தாயின் தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை விரைவாக உறிஞ்சிவிடாமல் இருந்தால்தான் அது குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதால், ஓரளவு வரை இது இயற்கையான ஏற்பாடே. தளர்வை ஈடுகட்டத் தாயின் கணையம் முன்பைவிடக் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. நஞ்சுக்கொடி வளர வளர ஹார்மோன்களின் அளவும் ஏறுவதால், கணையத்தின் மீதான சுமை ஆறாம், ஏழாம் மாதங்களில் நன்றாகத் தெரியத் தொடங்குகிறது. கணையம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதையே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்கிறோம். 24ஆம் வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம்.

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் தாண்டாது. ஆகவே தாய்க்குச் சர்க்கரை மிகுந்தால் குழந்தையின் சிறு கணையமே அதைச் சமாளிக்கத் தன் இன்சுலினைக் கூட்டுகிறது. இன்சுலின் வளர்ச்சியையும் தூண்டுவதால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவம் கடினமாகலாம். பிறந்து தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிட, இன்சுலின் மட்டும் மிகுந்திருப்பதால், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடவும் கூடும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் அடிப்படையில் நிலைத்து நிற்கிறது.

தாய்க்கோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதும் போதாது. கர்ப்பத்தில் சிறுநீரகம் மிகுதியான இரத்தத்தை வடிகட்டுவதால், நலமாக உள்ளவர்களுக்கும் சிறுநீரில் சர்க்கரை வருவதுண்டு. இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைக் கொண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் இங்கே நம்பத்தக்கதல்ல, ஏனெனில் கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் மாறும் வேகம் கூடுகிறது. இரத்தசோகையும் அந்த அளவைப் பிறழச் செய்யும். எனவே உடலின் மீது ஒரு சுமையை ஏற்றி, அதை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதே வழி. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கிறார்கள். 100 மில்லியில் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று கொள்கிறார்கள்.

முந்தைய உணவு எப்போது என்று பாராமல் செய்யும் இந்த ஒற்றைப் பரிசோதனையை வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டுதலும் இம்முறையையே பின்பற்றுகிறது. இதை எல்லா மருத்துவர்களும் ஏற்பதில்லை. வெறும் வயிற்றில் ஒரு முறையும், குளுக்கோஸ் குடித்தபின் ஒரு மணி, இரண்டு மணி நேரங்களிலும் இரத்தம் எடுக்கும் உலகளாவிய முறையில் 92, 180, 153 என்ற மூன்று எல்லைகள் உள்ளன; காலை வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை மிகுந்திருப்பவர்களை ஒற்றைப் பரிசோதனை தவறவிடலாம் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. எனினும் இராமேசுவரம் தீவிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டிய ஒரு கர்ப்பிணியிடம், "சாப்பிட்டுவிட்டீர்களா? அப்படியானால் இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொன்னால் அந்த இன்னொரு நாள் வராமலே போகலாம். வந்த அன்றே முடித்துவிடக்கூடிய பரிசோதனைதான் இக்கரைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தனியார் மருத்துவமனைகளில் மூன்று முறை இரத்தம் எடுக்கும் முறையும் வழக்கத்தில் இருப்பதால், எந்த முறை என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த முறையானால் முந்தைய இரவிலிருந்து 8 மணி நேரமாவது உணவு கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

எந்த முறையானாலும், முந்தைய மூன்று நாட்களுக்குச் சோற்றையோ கூழையோ குறைக்கக் கூடாது. மாவுச்சத்து நீண்ட நேரம் கிடைக்காத உடல், கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்குகிறது. இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடும்போது தசைகள் குளுக்கோஸை ஏற்கத் தயங்குகின்றன, கணையத்தின் முதல் கட்டச் சுரப்பும் மந்தமாகிறது. அந்த நிலையில் 75 கிராம் குளுக்கோஸ் திடீரென்று வந்து இறங்கினால், நலமான பெண்ணின் அளவுகூட எல்லையைத் தாண்டக்கூடும். சர்க்கரையைக் குறைத்துக் காட்ட எண்ணிப் பட்டினி கிடந்தவருக்கு அது கூடிக் காட்டுவது இப்படித்தான். மாறாக, வழக்கம்போலச் சாப்பிட்டு வருபவரின் கணையம் விழிப்போடு இருக்கிறது. அதற்காக வளைகாப்புப் பலகாரத்தை அன்று காலையில் ஒரு கை பார்த்துவிட்டு வரலாம் என்று பொருளில்லை. மற்ற நாட்களில் உண்பதையே உண்ண வேண்டும்.

குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். மசக்கை முழுதாக விடாதவர்களுக்கு அதன் திகட்டல் குமட்டலைத் தரும். குளிர்ந்த நீரில் கரைத்தால் சற்று எளிதாக இறங்கும். குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் சுமை குறைந்துபோவதால் மறுநாள் மறுபடியும் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் பரிசோதனையைத் தொடரலாம். செவிலியரிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. இரண்டு மணி நேரமும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் என்பதால், இடையில் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் முடிவு குறைத்துக் காட்டும். காய்ச்சல் இருந்தாலோ, குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகவோ மூச்சிரைப்புக்காகவோ ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தாலோ சர்க்கரை கூடிக் காட்டும்; இவற்றை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

விரல் நுனியில் குத்திக் கருவியில் பார்ப்பதானால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். குளுக்கோஸ் டம்ளரைப் பிடித்த விரலில் ஒட்டியிருக்கும் பிசுக்கே அளவை ஏற்றிவிடும். நரம்பிலிருந்து எடுத்துக் குழாயில் அனுப்புவதானால் சிக்கல் வேறு. குழாயிலுள்ள இரத்த அணுக்களுக்கும் உயிருண்டு. அவை குளுக்கோஸை எரித்துக்கொண்டே இருப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறைகிறது. எடுத்தபோது 146 இருந்தது ஒரு மணி நேரத்தில் 137 அளவுக்கு இறங்கி, நோயுள்ளவரை நோயற்றவராகக் காட்டிவிடலாம். வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடு சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். அதுவும் முழுமையாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே சித்திரை, வைகாசி வெயிலில் மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்து விரைவாக அனுப்ப வேண்டியது ஆய்வகத்தாரின் பொறுப்பு.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ரமலான் மாதத்தில் இன்னொரு கேள்வி எழும். கர்ப்பிணிகளுக்கு நோன்பில் சலுகை உண்டென்றாலும் நோற்பவர்கள் இருக்கிறார்கள். பகல் முழுதும் நோன்பிருந்து மாலையில் பரிசோதிப்பது, மேலே சொன்ன பட்டினியின் குழப்பத்தைக் கொண்டுவரும். 24 முதல் 28 வாரம் வரையிலான காலம் ரமலானுக்குள்ளேயே முழுதும் அடங்கிவிடவும் கூடும்; எனவே நோன்பில்லாத ஒரு நாளை மருத்துவரோடு பேசி ஒதுக்கிக்கொள்ள வேண்டும், பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

140ஐத் தொட்டுவிட்டால் உடனே மாத்திரை என்பதில்லை. முதலில் இரண்டு வாரம் உணவைச் சீராக்கிப் பார்ப்பார்கள். அப்போதும் உணவுக்குப் பின் இரண்டு மணி நேர அளவு 120க்குக் கீழே இறங்காவிட்டால்தான் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தருவார்கள். இந்த இரண்டு வாரத்தில்தான் கருப்பட்டி வந்து குறுக்கே நிற்கிறது. வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை பனைமரம் நிறைந்த இந்தச் சீமையில் ஆழமானது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான். தாதுக்கள் சிறிது கூடுதல், அவ்வளவே. கருப்பட்டியும் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேரும் கீழக்கரைத் தொதலுக்கும் இது பொருந்தும். மீன் அப்படியல்ல, வறுக்காமல் குழம்பிலிட்ட மீனைக் கூட்டி அதற்கேற்பச் சோற்றைக் குறைத்தால், உணவுக்குப் பின் ஏறும் அளவு தணியும்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலினைத் தடுத்த ஹார்மோன்களும் போய்விடுவதால், பெரும்பாலோருக்குச் சர்க்கரை சில நாட்களிலேயே சீராகிவிடும். ஆனாலும் ஆறாவது வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸோடு மீண்டும் ஒரு பரிசோதனை உண்டு. அதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டும். அப்போது பொருந்துவது கர்ப்பிணிக்கான எல்லையல்ல, மற்றவர்களுக்கான எல்லை: வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரம் கழித்து 200.