ஹாஷிமா: உப்பு அரித்துத் தின்னும் கான்கிரீட் தீவு

ஜப்பானின் நாகசாகி துறைமுகத்துக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், ஹாஷிமா என்னும் சிறு தீவு இருக்கிறது. 480 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமுமே கொண்ட இத்தீவில் 1959-ஆம் ஆண்டில் 5,259 பேர் வாழ்ந்தார்கள். இன்று அங்கே குடியிருப்போர் ஒருவரும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற அடுக்குமாடிகள் மட்டும் சிறிது சிறிதாக இடிந்துகொண்டிருக்கின்றன.

இத்தனை பேரை அங்கே வரவழைத்தது கடலுக்கு அடியிலிருந்த நிலக்கரி. 1890-இல் மிட்சுபிஷி நிறுவனம் தீவை விலைக்கு வாங்கியது. பாறையைத் துளைத்துச் செங்குத்தான குழிகளை இறக்கி, அவற்றின் அடியிலிருந்து கரிப்படுகை சரிந்து செல்லும் போக்கிலேயே கடற்படுகைக்குக் கீழே சுரங்கப் பாதைகளை வெட்டினார்கள். அவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம் வரை சென்றன. அங்கே வெப்பம் 30 டிகிரியையும் காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டையும் எட்டியது. கிடைத்ததோ உயர்தரக் கரி. காற்றுப் படாமல் சூடேற்றினால் அதிலுள்ள வாயுக்கள் வெளியேறி, உறுதியான கற்கரி எஞ்சும். ஊது உலையில் இரும்புத் தாதை உருக்க அதுவே தேவை என்பதால், யவாத்தா எஃகு ஆலைக்கு இத்தீவின் கரி சென்றது. தோண்டி எடுத்த கழிவுக் கல்லைக் கரையோரம் கொட்டி, சுற்றிலும் மதில் எழுப்பி, தீவை அதன் இயற்கைப் பரப்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்காக்கினார்கள்.

அவ்வளவு விரித்த பின்பும் இடம் போதாமல், வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. 1916-இல் கட்டப்பட்ட 30-ஆம் எண் கட்டடம், ஜப்பானின் முதல் கம்பி கட்டிய கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பாகக் கருதப்படுகிறது. சூறாவளிகள் மோதும் இடத்தில் மரவீடுகளை நம்பியிருக்க முடியாது. அடுக்குமாடிகளில் பலவற்றை மேற்கே திறந்த கடலை நோக்கி நிறுத்தினார்கள். கிழக்கே இருந்த சுரங்கக் கருவிகளின்மேல் காற்றும் அலையும் மோதாதபடி அவை அரணாக நின்றன. தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளே அலைத்தடுப்பாகவும் பயன்பட்டன என்பதை எண்ணும்போது, அந்த நிறுவனம் எதற்கு முதலிடம் தந்தது என்பது விளங்குகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரியர்களும் சீனர்களும் இங்கே கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டார்கள், பலர் உயிரிழந்தார்கள். தீவின் கட்டடக் கலையை வியப்பவர்கள் இதை அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடக் கூடாது. 2015-இல் தீவு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, இந்த வரலாற்றை எடுத்துரைப்பதாக ஜப்பான் உறுதியளித்தது. அது போதிய அளவில் நிறைவேறவில்லை என்று 2021-இல் பாரம்பரியக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது.

1960-களில் ஜப்பானின் தொழில்துறை பெட்ரோலியத்துக்கு மாறியதால் கரிக்கான தேவை சரிந்தது. 1974 ஜனவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஏப்ரலுக்குள் அனைவரும் வெளியேறினார்கள். அதுவரை எடுக்கப்பட்ட நிலக்கரி ஏறத்தாழ 1 கோடியே 57 லட்சம் டன்.

பராமரிப்பு நின்றதும் உப்பின் வேலைக்குத் தடையில்லாமல் போனது. நல்ல கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீர் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். அந்தச் சூழலில் கம்பியின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவைத் தடுக்கிறது. இரண்டு வழிகளில் இந்தக் காப்பு குலைகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்கிறது என்பது முதல் வழி; எந்த ஊரிலும் இது நடக்கும். கடல் நடுவே அதைவிட வேகமானது குளோரைடு. அலைத் துளிகளோடும் காற்றோடும் சுவரில் படிந்து, ஈரத்தில் கரைந்து உள்ளே பரவும் குளோரைடு அயனிகள், காரத்தன்மை குறையாத இடத்திலும்கூடப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடுகின்றன. துருப்பிடித்த இரும்பு முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே நெருக்கப்பட்டு, கம்பியின் போக்கில் விரிசல்விட்டுப் பெயர்கிறது. விரிசல் வழியே இன்னும் அதிக உப்பும் நீரும் ஆக்சிஜனும் புகுகின்றன. எனவே சிதைவு போகப்போக வேகமெடுக்கிறது.

இதைச் சீர்செய்வதும் எளிதன்று. பெயர்ந்த இடத்தில் மேலே பூசிவிட்டால், உள்ளே தங்கிய குளோரைடு பக்கத்துக் கம்பியை அரிக்கத் தொடங்கும். உப்பேறிய பகுதியையே வெட்டியெடுக்க வேண்டும். மேலும், உலகப் பாரம்பரியச் சிறப்பு, பேரரசர் மெய்ஜி ஆண்ட காலத்தின் தொழில் வளர்ச்சிக்கு உரியது என்பதால், அந்தத் தகுதி பழைய கடல்மதிலையும் சுரங்க எச்சங்களையுமே சார்ந்திருக்கிறது. 1912-இல் முடிந்த அக்காலத்துக்குப் பின் எழுந்த 30-ஆம் எண் கட்டடத்துக்கும் பிற அடுக்குமாடிகளுக்கும் அதில் பங்கில்லை.