ஆயிரம் அடி இடைவெளியும் முப்பத்தைந்து விநாடியும்

‘நடுவானில் மோதவிருந்த விமானங்கள்’ என்று செய்தி வந்தால், பெரும்பாலும் நடந்திருப்பது விதித்த இடைவெளி குறைந்துபோனதுதான். மோதலுக்கு எவ்வளவு அருகில் போனார்கள் என்பது வேறு கணக்கு.

ரேடார் பார்வையில், உயரத்தில் பறக்கும் இரு விமானங்கள் பக்கவாட்டில் 5 கடல் மைல் (9.3 கி.மீ.) விலகியிருக்க வேண்டும், இல்லையென்றால் உயரத்தில் 1,000 அடி வித்தியாசம் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். விமான நிலையத்தை நெருங்கும்போது 5 மைல் 3 மைலாகக் குறையும். ஐந்து மைல் தாராளமாகத் தோன்றலாம். ஆனால் தலா 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்கள் நிமிடத்துக்கு 16 கடல் மைல் நெருங்குகின்றன. ஐந்து மைல் கரைய 19 விநாடி.

உயர இடைவெளி முழுக்கக் காற்றழுத்தத்தை நம்பியது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எல்லா விமானிகளும் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அழுத்த அளவுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அன்றைய வானிலையால் உயரம் சற்றுத் தப்பாகக் காட்டினாலும் எல்லோருக்கும் ஒரே அளவு தப்பு என்பதால் இடைவெளி கெடாது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, கருவியின் பிழை பெருகும். அதனால்தான் முன்பு 29,000 அடிக்கு மேல் 2,000 அடி விட்டார்கள். துல்லியமான உயரமானிகள் வந்த பிறகு 41,000 அடி வரை அதை 1,000 ஆக்கினார்கள். பொதுவாகக் கிழக்கு நோக்கிப் போவோருக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கே போவோருக்கு இரட்டைப்படை.

இந்த ஆயிரம் அடியை ஒருவர் மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹரியானாவின் சர்க்கி தாத்ரி சாட்சி. 1996 நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து ஏறிய சவூதி போயிங் 747க்கு அனுமதித்த உயரம் 14,000 அடி. எதிரே இறங்கி வந்த கசக் இல்யூஷின் 76க்கு 15,000 அடி. இல்யூஷின் 15,000இல் நிற்காமல் கீழே வந்து மோதியது. 349 பேர் இறந்தார்கள். அன்று வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம்தான்.

கட்டுப்பாட்டாளரும் விமானியும் தவறினால் கடைசியாகக் காக்கும் கருவி டிகாஸ். தரையில் உள்ள எதையும் நம்பாமல் அது தானே இயங்கும். 1030 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் சுற்றியுள்ள விமானங்களிடம் கேள்வி கேட்கும். அவற்றில் உள்ள பதில் சொல்லும் ரேடியோ கருவிகளான டிரான்ஸ்பாண்டர்கள் 1090இல் உயரத்தோடு பதில் சொல்லும். பதில் வரப் பிடித்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. டிகாஸ் முக்கியமாகப் பார்ப்பது, இதே வேகத்தில் நெருங்கினால் சந்திக்க எத்தனை விநாடி என்பதை. 20,000 அடிக்கு மேல் சுமார் 48 விநாடி இருக்கும்போது ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று எச்சரிக்கும். 35 விநாடி ஆனதும் ‘கிளைம்ப்’ அல்லது ‘டிசென்ட்’ என்று கட்டளை வரும். தாழ்வான உயரங்களில் இந்த நேரங்கள் குறையும். பக்கவாட்டில் திரும்பச் சொல்வதே இல்லை. எதிர் விமானம் எந்தத் திசையில் என்பதை அதன் ஆன்டெனா அவ்வளவு துல்லியமாக அறியாது.

இரு விமானத்திலும் டிகாஸ் இருந்தால் அவை பேசிக்கொள்ளும்: ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். விமானி 5 விநாடிக்குள் ஆட்டோபைலட்டை விலக்கி, நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் ஏறவோ இறங்கவோ வேண்டும். மொத்தத் திட்டமும் இருவரும் கீழ்ப்படிவார்கள் என்ற கணக்கில் போட்டது.

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் யாய்சு நகருக்கு அருகே பயிற்சிக் கட்டுப்பாட்டாளர் விமான எண்ணை மாற்றிச் சொல்லி, தப்பான ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தை இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் ‘ஏறு’ என்றது. விமானி கட்டுப்பாட்டாளரை நம்பினார். மற்ற விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கண்ணால் பார்த்துக் கடைசி நொடியில் தப்பினார்கள். இரண்டிலும் சேர்த்து 677 பேர் இருந்தார்கள். சுமார் நூறு பேருக்குக் காயம்.

பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே அதே முடிச்சு. சூரிச்சில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலையால் முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. 36,000 அடியில் குறுக்கே வந்த டுபோலெவ் 154ஐ இறங்கச் சொன்னார். ஏழு விநாடியில் அதன் டிகாஸ் ‘கிளைம்ப்’ என்றது. எதிரே டிஎச்எல் போயிங் 757க்கு ‘டிசென்ட்’. போயிங் கீழ்ப்படிந்தது, டுபோலெவ் கட்டுப்பாட்டாளர் பேச்சைக் கேட்டது. 36 விநாடியில் 34,890 அடி உயரத்தில் மோதின. 71 பேரும் இறந்தனர்.

இரண்டிலும் ஒரே கேள்வி: டிகாஸ் ஒன்றும் கட்டுப்பாட்டாளர் வேறொன்றும் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது? யாய்சுவிலேயே பதில் தேடியிருக்க வேண்டியது. இப்போதைய விதியில் குழப்பமில்லை: கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் டிகாஸ் சொல்வதையே செய். விமானி ‘டிகாஸ் ஆர்ஏ’ (டிகாஸ் கட்டளை வந்திருக்கிறது) என்று அறிவித்ததும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்ற முயலக் கூடாது. மென்பொருளும் 7.1 பதிப்பில் திருத்தப்பட்டது. இரு விமானங்களும் 100 அடி வித்தியாசத்துக்குள் ஒரே பக்கமாக நகர்ந்தால், பழைய பதிப்பு தன் கட்டளையைத் திருப்பிப் போடத் தவறியது, புதியது திருப்பிவிடும்.

இன்றும் வீண் கட்டளைகள் வருவதுண்டு. அடுத்த விமானத்துக்கு ஆயிரம் அடி கீழே நிற்க வேண்டியவர் நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஏறி வந்தால், அவர் நிற்கப்போவது டிகாஸுக்குத் தெரியாது. அதனால் கடைசி ஆயிரம் அடியில் 1,500க்குக் குறைக்கச் சொல்கிறார்கள்.

ஜிபிஎஸ் இன்னொரு வினோதத்தைச் செய்தது. முன்பு வழித்தடத்தில் ஆளுக்கு ஆள் சற்று விலகிப் பறந்தார்கள். இப்போது எல்லோரும் நடுக்கோட்டிலேயே மீட்டர் பிசகாமல் போகிறார்கள். உயரத்தில் பிழை நேர்ந்தால் நேருக்கு நேர்தான். அதனால் பெருங்கடல்களில் வழித்தடத்துக்கு வலப்பக்கம் 2 கடல் மைல் வரை வேண்டுமென்றே ஒதுங்கிப் பறக்க அனுமதி உண்டு.

டிகாஸுக்குக் கண் என்றால் எதிராளியின் டிரான்ஸ்பாண்டர்தான். 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசில் வானில் லெகசி என்ற சிறு ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் செயலற்றுப் போயிருந்தது. அதன் டிகாஸும் கூடவே நின்றது. 37,000 அடியில் எதிரே வந்த கோல் நிறுவன போயிங் 737இன் டிகாஸ் நல்ல நிலையில்தான் இருந்தது. கேட்டதற்குப் பதில் வராததால் அது வாயே திறக்கவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி சிறகு நுனி உடைந்த நிலையில் ஒரு ராணுவத் தளத்தில் இறங்கியது.