குவைத் காசும் கிழமைக் கடனும்

இலங்கையின் வடக்கே வன்னியில் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளின் வங்கிப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். மாதத் தொடக்கத்தில் நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ விழும். மூன்றாம் நாள் கணக்கு மூடாமல் இருக்கத் தேவையான தொகைதான் மிஞ்சும். எங்கே போனது என்று கேட்டால் அரிசி, ரியூசன், மருந்து என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கிழமை லோனும் இருக்கு சேர்" என்பார்கள். வாராவாரம் தவணை அறவிடும் சிறு கடன், அதாவது நுண்கடன், அது. குவைத்திலிருந்து எந்தத் தேதியில் காசு வரும் என்பது கடன் அறவிட வருபவருக்கு மனப்பாடம்.

வெளிநாட்டில் உழைக்கும் காசைக் கொண்டு நுண்கடன் கொடுத்து வறுமையைக் குறைக்கலாம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கம் காசு இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறது. நுண்கடனை அடைப்பதற்காகவே மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போன தாய்மார் இருக்கிறார்கள்.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 50,000 ரூபா கடன், "24 வீதம்தான் அம்மா" என்கிறார்கள். முழு முதலுக்கும் ஒரு வருட வட்டி 12,000. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலையும் கட்டிக் குறைத்துக்கொண்டு வருகிறோமே! பாதி வருடத்தில் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய பாதிதான். வட்டியோ முழு 50,000க்கும் கட்டுகிறோம். குறைந்துவரும் நிலுவையில் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 44 வீதத்தைத் தொடும். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் நன்றாகப் படித்தவர்களே திகைக்கிறார்கள்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. மத்திய வங்கி தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களுக்கு நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதித்தது. அது பழைய காயத்துக்குப் போட்ட மருந்து. அடுத்த அவசரத்துக்குக் காசு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி அப்படியேதான் நின்றது.

அதற்கான அமைப்பு ஊரிலேயே இருக்கிறது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இலங்கையில் 1906இலிருந்து இயங்குகின்றன. உறுப்பினர் சேமிக்கிறார், அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கே கடன் போகிறது, வட்டி சங்கத்துக்குள்ளேயே தங்குகிறது. ஒரு கிராமத்தில் வெளிநாட்டுக் காசு வரும் 30 வீடுகள், மாதம் 5,000 ரூபா வீதம் சங்கத்தில் போட்டால் ஒன்றரை இலட்சம். 50,000 ரூபாப்படி மாதம் மூன்று பேருக்குக் கொடுக்கலாம். ஆடு வாங்கவோ தையல் மெசின் வாங்கவோ போதுமான தொகை. கடன் வாங்குபவரின் பிணையாளி பக்கத்து வீட்டுக்காரர். வீட்டு வாசலில் வந்து குந்தியிருந்து காசு கேட்கும் ஆள் தேவையில்லை.

கனடா, சுவிஸிலிருந்து வரும் காசு வேறு விதம். கோபுரம் கட்டக் கேட்டால் உடனே வரும். (கோபுரத்தில் எனக்குக் கோபமில்லை.) சங்கத்துக்கென்றால், திரும்பி வரும் கடனையே அடுத்தவருக்குக் கொடுக்கும் சுழற்சி நிதி என்று ஒரு தொகையை அன்பளிப்பாக அனுப்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் இரண்டு சுற்றுக்கு மேல் சுழல்வதில்லை. வெளிநாட்டுக்காரன் சும்மா தந்த காசு என்று தெரிந்தால் திருப்பிக் கட்டும் கை தளர்ந்துவிடும். அதே தொகையை ஊரிலிருக்கும் அம்மாவின் பெயரில் சங்கத்தில் நிலையான வைப்பாகப் போடுங்கள். அது பக்கத்து வீட்டு ஆச்சியின் காசு என்றால் ஊரே கவனமாக இருக்கும்.

முழுக்க வெளிநாட்டுக் காசையே நம்பிய சங்கமும் ஆபத்தில்தான் நிற்கும். 2021இல் இலங்கைக்கு வங்கி வழியாக வந்த பணம் 549 கோடி டொலர். 2022இல் 379 கோடி. டொலருக்கு வங்கி கொடுத்த விலையை விட உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே காசு மாற்றி அனுப்புபவர்) கூடக் கொடுத்ததும் அதற்கொரு பெரிய காரணம். உண்டியலில் வரும் காசு நேரே கைக்கு வரும், கைக்கு வந்தது செலவாகும். வருட முடிவில் அதற்கு ஒரு சிட்டைகூட இருக்காது. அதனால் விவசாயி, மீனவர், கடைக்காரர் எல்லாரும் கலந்த சங்கம்தான் பாதுகாப்பு. ஒரு வருடத்துக்குக் கடன் கொடுக்கும் காசு, ஒரு வருட வைப்பாகவாவது இருக்க வேண்டும்.

வெளிநாடு போகப்போகும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான். புறப்படுவதற்கு முன் உங்கள் பெயரில் இரண்டு கணக்குத் திறவுங்கள். சம்பளம் ஒன்றுக்கு வரட்டும். அதிலிருந்து ஒரு தொகை மாதாமாதம் தானாக மற்றதற்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கின் ஏரிஎம் அட்டையை மட்டும் வீட்டில் விடுங்கள். மற்றதைப் பற்றிக் கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்; பல பேர் சொல்வதில்லை, நான் கேட்பதுமில்லை.

சங்கத்தில் பெருந்தொகை போடுமுன் இன்னொன்று. வங்கி வைப்புகளுக்கு இருக்கும் காப்புறுதி கூட்டுறவுச் சங்க வைப்புக்கு இல்லை. பொதுக்கூட்டத்துக்குப் போய், போன வருடக் கணக்காய்வு அறிக்கையைக் கேளுங்கள். நிலுவைக் கடன் பட்டியலில் நிர்வாகக் குழுவினரின் பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அறிக்கையைக் காட்ட மறுத்தால் காசைத் திருப்பிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம்.