சம்மன் போகும் முன்பே தள்ளுபடியாகும் சிவில் உரிமை வழக்குகள்

அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரரோ சிறை அதிகாரியோ உங்கள் அரசியல் சட்ட உரிமையை மீறினால், அவர்மீது ஃபெடரல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 1871-இல் வந்த சட்டம் அது. 'செக்‌ஷன் 1983' என்று சொன்னால்தான் வக்கீல்களுக்குச் சட்டென்று புரியும் (1983 என்பது பிரிவின் எண், ஆண்டு அல்ல). வக்கீல் வைக்க முடியாதவர் தானே மனு எழுதலாம். கட்டணம் 405 டாலர். கட்ட வழியில்லை என்று வருமானக் கணக்கைக் காட்டி விலக்கும் கேட்கலாம்.

விலக்குக் கேட்டவரின் மனுவை, எதிர்த்தரப்புக்கு சம்மன் போகும் முன்பே நீதிபதி அலசிப் பார்க்கலாம். அமெரிக்க ஃபெடரல் சட்டத் தொகுப்பில் 28-ஆம் தலைப்பின் 1915-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மனு அற்பமானது, வம்புக்குப் போட்டது, நிவாரணம் கொடுக்கும் அளவுக்கு விவரம் இல்லாதது, சட்டப் பாதுகாப்பு உள்ளவரிடம் பணம் கேட்பது என்று பட்டால் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். அரசு அதிகாரிகள்மேல் கைதி போடும் வழக்கென்றால், முழுக் கட்டணம் கட்டியிருந்தாலும் இந்தச் சோதனை உண்டு.

எது அற்பம்? சட்டத்திலோ நடந்ததிலோ வாதாடக்கூடிய அடிப்படையே இல்லாதது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு மனுவைத் தூக்கி எறியக் கூடாது என்று 1992-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அப்படியிருந்தும் உண்மையான குறை உள்ளவரின் மனுவும் விழுகிறது. காரணம் பெரும்பாலும் எழுதிய விதம்தான்.

"சிறையில் மருந்து தரவில்லை, மாநிலச் சிறைத்துறை நஷ்டஈடு தர வேண்டும்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். இது நிற்காது. மாநிலத் துறை இந்தச் சட்டப்படி வழக்குத் தொடரக்கூடிய 'நபர்' அல்ல. யார் என்ன செய்தார் என்பதும் மனுவில் இல்லை. அதே ஆள் இப்படி எழுதட்டும்: "மார்ச் 3 இரவு சர்க்கரை 400-ஐத் தாண்டியது. நர்ஸ் மீட்டரைப் பார்த்தார். இன்சுலின் கேட்டேன், மறுத்தார். மறுநாள் காலை மயங்கி விழுந்தேன்." தெரிந்தே அலட்சியப்படுத்தினார் என்பது இதில் இருக்கிறது, இந்த மனுவுக்கு உயிர் உண்டு. தீர்ப்புச் சொன்ன நீதிபதியையும் வழக்கு நடத்திய அரசு வக்கீலையும் பணம் கேட்டு இழுப்பது அநேகமாக வீண்; அவர்கள் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு உள்ளவர்கள்.

கைதிகளுக்கு 1996-இல் வந்த சட்டம் இன்னும் கடுமை. விலக்குக் கிடைத்தாலும் 350 டாலரை அவர்களுடைய சிறைக் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிப்பார்கள். அப்புறம் 'மூன்று ஸ்ட்ரைக்' விதி: சிறையிலிருந்து போட்ட மூன்று வழக்குகள் அற்பம், வம்பு, விவரமின்மை என்ற காரணங்களால் தள்ளுபடியானால், அடுத்த வழக்குக்கு முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். உடலுக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மனு விவரம் போதாமல் விழுந்து, புது வழக்காகத் திரும்பப் போடலாம் என்று நீதிமன்றம் விட்டிருந்தாலும் அது ஒரு ஸ்ட்ரைக்தான் என்று 2020-இல் முடிவாகிவிட்டது. சட்டம் படிக்காதவர் எழுத்தில் செய்த பிழைக்கு இது அநியாயமான தண்டனை என்றே நான் நினைக்கிறேன்.

தள்ளுபடி செய்யலாம் என்று மாஜிஸ்திரேட் நீதிபதி (ஃபெடரல் மாவட்ட நீதிபதிக்கு உதவியாக இருப்பவர்) பரிந்துரை மட்டும் அனுப்பியிருந்தால், வழக்கு இன்னும் முடியவில்லை. ஆட்சேபணை எழுத 14 நாள் இருக்கிறது. வக்கீல் இல்லாதவரின் மனுவைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 1972-லேயே தீர்ப்பு உண்டு. ஆகவே ஆட்சேபணையோடு, விட்டுப்போன பெயர், தேதி, சம்பவம் எல்லாம் சேர்த்து மனுவைத் திருத்த அனுமதியும் கேளுங்கள். அவகாசம் போதாதென்றால், அந்த 14 நாள் முடிவதற்குள்ளேயே கூடுதல் நாள் கேட்டு ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.