ஜமீரோக்வாய்: பாடுபவர் ஒருவரே, ஒலி மட்டும் ஏன் வேறு?

பிரிட்டிஷ் குழுவான ஜமீரோக்வாயின் முதல் ஆல்பம் 1993இல் வந்தது. 'ஆட்டோமேட்டன்' 2017இல். இரண்டிலும் பாடுவது ஜே கேதான். ஆனாலும் பழசு எது, புதுசு எது என்று சில விநாடிகளில் தெரிந்துவிடும், பாட்டு அதுவரை கேட்டதே இல்லை என்றாலும். காட்டிக்கொடுப்பது மெட்டு அல்ல. ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களும், அடி விழும் நேரமும்தான்.

1980களின் கடைசியில் லண்டன் டிஜேக்கள் பழைய ஃபங்க், ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து ஓட்டினார்கள். ஃபங்க்கையும் ஜாஸையும் நடனத் தாளத்தோடு கலந்த ஆசிட் ஜாஸ் என்ற இசை வகை வளர்ந்தது அங்கேதான். முதல் ஆல்பத்திலும் அந்த வாசனைதான்: ஊதுகருவிகள், வயலின்கள், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீண்ட மரக்குழலான டிஜெரிடூ, டோபி ஸ்மித்தின் கீபோர்டுகள்.

அந்த வகை இசையின் அடையாளமான ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். கம்பியின் நுனிக்கு எதிரே காந்தமும் செம்புச் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கிறது. கம்பி அதிர அதிரச் சுருளில் மின் அலை பிறக்கும். மெல்லத் தொட்டால் கம்பி கொஞ்சமே ஆடும். மணியோசை மாதிரி சுத்தமான ஒலி. ஓங்கி அடித்தால் கம்பி அகலமாக ஆடி, காந்தப்புலம் சீராக இல்லாத இடம்வரை போய்வரும். அலையின் வடிவம் கோணலாகும், மேற்சுரங்கள் கூடும், ஒலி கரகரக்கும். அதாவது ஒலியின் நிறத்தை விரலின் வேகமே முடிவு செய்கிறது. சுரத்துக்குச் சுரம் அது மாறும்.

அப்புறம் நேரம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி; அதை நான்காகப் பிரித்தால் 125. மனிதர்கள் வாசிக்கும்போது டிரம்ஸ் ஒரு 10, 15 மில்லி விநாடி பிந்தலாம், பேஸ் கிட்டார் அதேபோல் முந்தலாம். காது அதை எண்ணுவதில்லை, உடம்பு ஆடிவிடுகிறது. ஸ்டூவர்ட் ஸெண்டர் பேஸ் வாசித்த முதல் மூன்று ஆல்பங்களின் சுகத்தில் பாதி இந்த இழுபறிதான் என்பேன். 1996இன் 'டிராவலிங் வித்தவுட் மூவிங்' அதன் உச்சம்.

1999இல் வந்த 'சிங்க்ரோனைஸ்டு' உருவாகிக்கொண்டிருந்தபோதே ஸெண்டர் விலகிவிட்டார். 2001இன் 'எ ஃபங்க் ஒடிசி' டிஸ்கோ பக்கம் சாய்ந்தது. 2002இல் ஸ்மித்தும் போனார்.

டிஸ்கோ, ஹவுஸ் என்ற நடன இசைப் பாணிகளில், மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசருக்கும் அதைச் சலித்துக் கொடுக்கும் ஃபில்டருக்கும்தான் வேலை அதிகம். ரம்பப்பல் வடிவ அலையில் 100 ஹெர்ட்ஸ் சுரம் வைத்தால் 200, 300, 400 என்று எல்லா மேற்சுரங்களும் கூடவே வரும். லோ-பாஸ் ஃபில்டர் ஒரு வரம்புக்கு மேலே உள்ளவற்றை அமுக்கிவிடும். குமிழைத் திருகி வரம்பை உயர்த்தினால், ஒரு சுரம்கூட மாறாமல் ஒலி மங்கலிலிருந்து பளபளப்புக்கு ஏறும். ரோட்ஸில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகச் செய்ததை இங்கே ஒரே குமிழ் மொத்தமாகச் செய்கிறது. சிந்தசைசர் ஓங்கி நிற்கும் 'ஆட்டோமேட்டன்' இதன் அடுத்த படி. ஒவ்வொரு அடியையும் கணினி வகுத்த சீரான நேரக் கட்டத்துக்குள் வைத்தால் அந்த 10, 15 மில்லி விநாடியும் இல்லாமல் போகும்.

குழு கெட்டுப்போய்விட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்புவதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். நடனத் தளத்துக்குச் சீரான அடி வேண்டும், அதை நன்றாகவே கொடுத்தார்கள். சரி, இவ்வளவு மாறியும் ஜே கேயை எப்படி அடையாளம் காண்கிறோம்? தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயும் ஒரு ஃபில்டர்தான். எந்த அதிர்வெண்களை அது தூக்கிக் கொடுக்கும் என்பதை அதன் நீளமும் வடிவமும் தீர்மானிக்கின்றன. நாக்கை அசைத்து வடிவத்தை மாற்றலாம். நீளம் பெரும்பாலும் உடம்போடு வந்தது.