உயிரடுக்கியல்

பாறை அடுக்குகளில் கிடைக்கும் புதைபடிவங்களை வைத்து எந்த அடுக்கு மூத்தது, எது இளையது, அதற்கு இணையான அடுக்கு வேறு எங்கே இருக்கிறது என்று கண்டறியும் துறை பயோஸ்ட்ராட்டிகிராஃபி.

பயோஸ் என்றால் கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. ஸ்ட்ராட்டம் என்பது லத்தீன். விரிக்கப்பட்டது என்று பொருள், படுக்கை விரிப்பையும் அப்படித்தான் சொன்னார்கள். கிராஃபி மறுபடியும் கிரேக்கம், எழுதுதல். ஆக, இது ஒரு கலப்புச் சொல். பெல்ஜியத் தொல்லுயிரியலாளர் லூயி டோலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது.

வேலை பெயரைவிட நூறாண்டு மூத்தது. 1790-களில் இங்கிலாந்தில் கால்வாய்க்காக நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், பார்வைக்கு ஒன்றுபோல இருந்த அடுக்குகளையும் அவற்றிலுள்ள புதைபடிவங்களால் பிரித்தறியலாம் என்று கண்டுகொண்டார். 1815-இல் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடத்துக்கு இதுவே அடிப்படை.

எல்லாப் புதைபடிவமும் இதற்கு உதவாது. குறுகிய காலமே வாழ்ந்து, அதற்குள் பரவலாகப் பெருகி, எளிதில் அடையாளம் தெரிகிற இனம் வேண்டும். அழிந்துபோன, சுருள் ஓடு கொண்ட கடல் உயிரினங்களான அம்மோனைட்டுகள் அப்படிப்பட்டவை. எண்ணெய்க் கிணறுகளில் ஃபொராமினிஃபெராக்கள் என்ற, ஓடுள்ள நுண்ணிய ஒருசெல் உயிரிகள்தான் கைகொடுக்கும். பெரிய ஓடுகள் துளைக்கருவியில் நொறுங்கிவிடும்.

பாறையின் வயதைப் புதைபடிவம் சொல்கிறது, புதைபடிவத்தின் வயதைப் பாறை சொல்கிறது, இது சுற்றி வளைத்த வாதம் இல்லையா என்று சிலர் மடக்குவார்கள். இல்லை. குலையாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது. எந்த உயிரினம் முந்தியது என்ற வரிசை அப்படித்தான் கிடைத்தது. ஆனால் வரிசை மட்டும்தான் கிடைக்கும், ஆண்டுக் கணக்கு கிடைக்காது. சீனாவின் மெய்ஷானில் ட்ரையாசிக் என்ற நிலவியல் காலத்தின் தொடக்கத்தை ஒரு கொனோடாண்ட் (பல் போன்ற படிவங்களை விட்டுச்சென்ற, அழிந்துபோன கடல் விலங்கு) இனம் முதன்முதலாகத் தென்படும் இடத்தை வைத்துக் குறித்திருக்கிறார்கள். அது சுமார் 25.19 கோடி ஆண்டுகளுக்கு முன் என்ற எண்ணோ, அங்குள்ள எரிமலைச் சாம்பலின் சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களில் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவிலிருந்து வந்தது. அப்புறம், பழைய பாறையிலிருந்து அரித்து வந்து புதிய படிவில் சேர்ந்த புதைபடிவங்களும் உண்டு; அவை ஏமாற்றும்.

சரி, தமிழில்? ஸ்ட்ராட்டிகிராஃபியைக் குறிக்கும் பாறையடுக்கியலோடு 'உயிர்' சேர்த்து 'உயிர்ப் பாறையடுக்கியல்' எனலாம். பொருள் சரிதான், நீளம் அதிகம். 'உயிரடுக்கியல்' கச்சிதம். உயிருள்ளவற்றின் அடுக்கோ என்ற ஐயம் எழக்கூடும் என்பதால், முதல் முறை எழுதும்போது 'புதைபடிவங்களைக் கொண்டு' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். காலங்காட்டும் இனத்துக்குச் 'சுட்டுப் புதைபடிவம்' பொருந்தும். குறிப்பிட்ட புதைபடிவங்களால் அடையாளம் காணப்படும் பாறைப் பகுதியான பயோஸோனை மட்டும் 'உயிர்மண்டலம்' ஆக்க வேண்டாம், அது உயிர்க்கோளத்தோடு குழம்பும். 'புதைபடிவ வலயம்' போதும்.