கட்டடம் நின்றது, கூட்டம் வெளுத்தது

சென்னை சென்ட்ரல் வாசலைக் காலை நேரத்தில் ஃபோட்டோ எடுத்து, அதைப் பார்த்து ஏ3 தாளில் கலர் பென்சிலால் ஒரு படம் வரைந்து, காசு கொடுத்துக் கேட்ட ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அறுபது மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை. இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது சுவரில் அதைப் பார்த்தேன். 1873-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் வரைந்தபடியே இருந்தது. கீழே இருந்த கூட்டத்தைத்தான் காணோம். பூக்கார அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலை சாம்பலாகியிருந்தது. பெண்கள் இலவசமாகப் போகும் பேருந்தின் இளஞ்சிவப்பு முகப்பு தாளோடு தாளாகப் போயிருந்தது. படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தப்பு என் பென்சில் டப்பாவில்.

துணிக்கடையில் "சாயம் போகுமா?" என்று கேட்காமல் நாம் சேலை எடுப்பதில்லை. பென்சில் வாங்கும்போது அந்தக் கேள்வி வாயில் வருவதே இல்லை.

செங்கல் நிறத்துக்கு நான் எடுத்தவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு கலந்த மண் நிறங்கள். கோயில் மதிலில் பட்டை அடிக்கும் காவியின் உறவுக்காரர்கள், வெயிலுக்கு அசையமாட்டார்கள். பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஊதா பென்சில்கள் பலவற்றில் இருப்பது வெளிச்சம் பட்டால் உடையும் சாயம். நியான் நிறங்கள் இன்னும் மோசம்.

நெரிசலான இடத்தை வரைகிறவருக்கு இதில் ஆபத்து அதிகம். கட்டடத்தைக் கட்டம் போட்டு, அளந்து வரைகிறோம். மனிதர்களோ ஃபோட்டோவில் அரிசி அளவுதான். முகம் கிடையாது, ஒரு சேலை, ஒரு சட்டை, ஒரு பை, அவ்வளவுதான். ஆக அவர்கள் முழுக்க முழுக்க நிறத்தில்தான் நிற்கிறார்கள். அதிலும் செல்ஃபோன் கேமரா நிறங்களைத் தானாகவே கொஞ்சம் தூக்கிக் காட்டும். திரையில் தெரியும் அந்தப் பளபளப்புக்கு ஈடு தேடினால் கை நேராக நியான் பென்சிலுக்குத்தான் போகும். என் கையும் அப்படித்தான் போனது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பென்சிலின் உடம்பிலேயே குறி இருக்கும். ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸில் நட்சத்திரங்கள், மூன்று இருந்தால் நன்றாகத் தாங்கும். காரன் டாஷ் லுமினான்ஸில் எல்எஃப்1, எல்எஃப்2 என்று போட்டிருப்பார்கள், வெளிச்சத்தைத் தாங்கும் தரம் அது, 1 தான் உயர்ந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கான டப்பாக்களில் பெரும்பாலும் எந்தக் குறியும் இருக்காது. காசு கொடுத்து வாங்கியவர் சுவரில் தொங்கப்போகும் படத்துக்கு அதைத் தொடாதீர்கள். விலைதான் கவலை என்றால் பெரிய செட் வேண்டாம், குறி பார்த்து ஒற்றை ஒற்றையாக இருபது பென்சில் போதும். நல்ல ஊதா கிடைக்காவிட்டால், தாங்கும் நீலத்தின் மேல் தாங்கும் ரோஸை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். சேலைக்கு அதுவே ஒரு மடிப்பு ஆழத்தையும் கொடுக்கும். படச் சட்டத்தில் போடும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

அப்புறம் ஒரு சோதனை, செலவே கிடையாது. நீங்கள் வரையும் அதே தாளில் ஒவ்வொரு பென்சிலாலும் ஒரு பட்டை அழுத்தித் தேய்த்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள்.

அந்த வீட்டுக்குப் படத்தைப் புதிதாக வரைந்து கொடுத்தேன், பணம் வாங்கவில்லை. அதைத் தொடங்கும் முன் என் மேற்கு ஜன்னலில் பதினெட்டுப் பட்டைகள் ஒட்டினேன். சித்திரையில் ஒட்டியது. ஆடி பிறந்ததும் அட்டையை எடுத்துப் பார்த்தால், மூன்று பட்டைகளில் வெயில் பட்ட பாதி வெறும் தாளாக இருந்தது. பேருந்துக்குத் தீட்டிய இளஞ்சிவப்பு அதில் ஒன்று. மூன்றையும் டப்பாவிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டேன், கோலப் புள்ளி வைத்து விளையாட.